கண்ணாடி அலுமாரிக்குள்ளை ஒரு பிளேட் சேர்வர்

நெற்வேர்க் வேலை செய்யிறவனை, எல்லாம் வடிவா ஓடுது, வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டு ஒருத்தரும் கூப்பிடுறேல்லை. நிண்டுபோனாத்தான் எங்கடை நம்பர் ஞாபகம் வரும். என்னோடை இந்தத் தொழிலிலை கிடந்து மாரடிக்கிற சகோதரங்களே, உங்களுக்கு இது புதுசில்லை. யாழ்ப்பாணத்திலை ஒரு தரும ஆஸ்பத்திரியிலை, ஒரு சுவிச் மொடியூலோடை மூண்டு மாசம் நான் பட்ட பாட்டைச் சொல்லுறன். ஆஸ்பத்திரியின்ரை பேர் வேண்டாம். சொன்னா நாளைக்கே ஆக்கள் வல்வெட்டித்துறையிலை என்ரை வீட்டுப் படலையடியிலை நிப்பினம். கொதி இன்னும் அடங்கேல்லை, அதாலை சொல்லு கொஞ்சம் முன்னை பின்னை வரும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

பெட்டி வந்திறங்கின நாள்

பிளேட் சேர்வர் எண்டா என்னெண்டு தெரியாத ஆக்களுக்கு ஒரு சொல்லு. அது ஒரு பெரிய இரும்புக் கூடு. முன்பக்கத்தாலை பத்துப் பன்னிரண்டு கணினியை, இறாக்கையிலை கொப்பி அடுக்கிற மாதிரி அடுக்கலாம். பின்பக்கத்திலை சுவிச் மொடியூல் எண்டு ஒண்டு செருகியிருக்கும். உள்ளுக்கை இருக்கிற அவ்வளவு கணினியும் வெளியிலை கதைக்கிறது அந்த ஒண்டுக்குள்ளாலைதான். அது படுத்தா எல்லாம் படுத்துது.

ரொறன்ரோவிலை இருக்கிற மகேந்திரன் எண்டவர் தன்ரை கொம்பனி கழிச்சுவிட்ட கூட்டைக் கப்பலிலை போட்டு அனுப்பியிருந்தார். திறமான சாமான், அதிலை குறை சொல்லேலாது. ஆனா பாஸ்வேர்ட் அனுப்பேல்லை. சுவிச்சிலை கேபிள் செருகிற வெளிப்பக்கப் போர்ட் எல்லாம் மூடிக்கிடந்தது. கூட்டை மேய்க்கிறதுக்கு மனேஜ்மென்ற் மொடியூல் எண்டு இன்னொண்டு இருக்கு. அது உத்தரவு குடுத்தாத்தான் சுவிச் வாய் திறக்கும். பழசு எல்லாத்தையும் அழிச்சு, முதலிலையிருந்து விலாசம் குடுத்து, போர்ட்டைத் திறந்து, லாபுக்கு ஒரு பாதை, வாட்டுக்கு ஒரு பாதை, மருந்துக் கவுண்டருக்கு ஒரு பாதை எண்டு பிரிச்சு முடிக்க ஒரு முழு நாள் போச்சு. நிலத்திலை குந்தியிருந்து நாரி முறிஞ்சுது.

நிர்வாகசபைத் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்து தலைக்கு மேலை நிண்டு பாத்தார். பாஸ்வேர்ட் இல்லாமல் அனுப்பினதாலைதான் சுணங்குது எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டன். சொல்லியிருக்கப்படாது.

"தம்பி, மகேந்திரன் கனடாவிலை பெரிய இடத்திலை இருக்கிறவர். அவர் பிழையான சாமான் அனுப்பமாட்டார். நீர் வடிவாப் பாரும்."

கண்டறியாத அலுமாரி

அடுத்த கிழமை போய்ப் பாத்தா, அறைக்குள்ளை ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி அலுமாரி நிக்குது. அச்சுவேலியிலை அலுமினியப் பட்டறை ஒண்டிலை சொல்லிச் செய்விச்சதாம். நாலு பக்கமும் கண்ணாடி, மேலை பலகை, கேபிள் வாறதுக்குப் பின்னாலை கை போற அளவிலை ஒரு ஓட்டை. உள்ளுக்கை என்ரை பிளேட் சேர்வர், நெத்தியிலை சந்தனமும் குங்குமமும். கதவிலை வெள்ளை எழுத்திலை "உபயம்: மகேந்திரன் குடும்பம், கனடா" எண்டு இருக்கு. கதவுக்குப் பூட்டு. திறப்பு தலைவரின்ரை இடுப்பிலை.

எனக்கு விசர் ஏறிச்சுது. இந்தப் பெட்டி முன்னாலை குளிர்க்காத்தை இழுத்துப் பின்னாலை சூட்டைத் தள்ளுறது, மூடி வைச்சா தான் விட்ட சூட்டையே தான் திரும்ப இழுக்கும், அறையிலை ஏசி இருந்தும் அது கண்ணாடியின்ரை வெளிப்பக்கத்தைத்தான் குளிராக்குது எண்டு மூச்சுவிடாமல் விளங்கப்படுத்தினன். புழுதி படாது எண்டார் தலைவர். புழுதி படாது, பெட்டி அவிஞ்சு செத்துப்போகும் எண்டன். அவர் என்னைப் பாத்துச் சிரிச்சார். கடன் கேட்டு வந்தவனைப் பாத்துச் சிரிச்சுப் பழகின சிரிப்பு.

"உள்ளுக்கை லைற் மினுங்கிறது வாற போற ஆக்களுக்குத் தெரியவேணும் தம்பி. திருவிழாவுக்கு மகேந்திரன் வாறார், படம் எடுக்க வேண்டாமே?"

ஆரின்ரை பிள்ளை

நான் சொன்ன மாதிரியே, அலுமாரி வந்த ஆறாம் நாள் சுவிச் மொடியூல் தானா நிண்டுது. சூடு கூடினா அது தன்னைத்தானே நிப்பாட்டிக்கொள்ளும். கூடு சேர்வர்ப் பகுதியைச் சேர்ந்தது எண்டு, கொழும்பிலை எங்கடை தலைமைக் கந்தோரிலை சேர்வர் பாக்கிற கஜனுக்குப் போன் எடுத்தன். இந்தச் சூட்டுக் கதையை எங்கடை கொம்பனியே ஒரு கடிதமா எழுதித் தந்தா, அதைக் காட்டியாவது அலுமாரியைக் கழட்டுவிக்கலாம் எண்டது என்ரை எண்ணம். கணினியெல்லாம் பச்சை லைற்றோ எண்டு கேட்டான். ஓம் எண்டன். அப்ப சேர்வரிலை பிழையில்லை, சுவிச் உங்கடை பகுதி எண்டான். சுவிச் இருக்கிறது உங்கடை கூட்டுக்குள்ளை எண்டன். இப்பிடியே முக்கால் மணித்தியாலம். சகோதரங்களே, இந்தச் சாமானை வைச்சிருக்கிற ஒவ்வொரு இடத்திலையும் இதே கூத்துத்தான் நடக்குது எண்டு எனக்குத் தெரியும்.

"அண்ணை, அது எங்கடை வீட்டிலை வளருற உங்கடை பிள்ளை. சோறு நீங்கள்தான் போடவேணும்."

மூண்டாவது கட்டம்

இனி நான் சொல்லப்போறதுக்கு நீங்கள் எனக்கு ஏசலாம். எங்கடை வேலைத் தாளிலை கடைசியிலை மூண்டு கட்டம் இருக்கு. சாமான் பழுது, மின்சாரக் கோளாறு, பாவனையாளர் தவறு. முதல் ரெண்டிலை புள்ளடி போட்டா மூண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதவேணும், படம் அனுப்பவேணும், திரும்பவும் வரவேணும். மூண்டாவதிலை போட்டா ஒண்டும் இல்லை, கையெழுத்தை வைச்சு, ஒரு பிரதியை அந்த இடத்து ஆக்களிட்டைக் குடுத்திட்டு வீட்டை போகலாம். நெஞ்சிலை கையை வைச்சுச் சொல்லுங்கோ, நீங்கள் எத்தினை தரம் மூண்டாவதிலை போட்டிருப்பியள்?

அந்த ஆஸ்பத்திரியிலை பதிவுப் பகுதியிலை இருந்தது றீற்றா. குருநகர்ப் பிள்ளை, தகப்பன் கடலுக்குப் போறவர். தற்காலிக நியமனம். ஆறு மாசம் முடிய நிரந்தரமாக்குவினம். நிரந்தரமானா இஞ்சையே நிப்பாள், இல்லாட்டிக் கட்டாருக்கு வேலைக்கு அனுப்பிறதெண்டு வீட்டிலை ஏஜென்சியோடை கதைச்சு முடிச்சிட்டினம். அவளுக்குப் போக விருப்பமில்லை. அதை என்னட்டை ஒருக்கா அல்ல, நாலைஞ்சு தரம் சொன்னவள். மொடியூல் நிண்டா எழுப்பிறதுக்கு அவளுக்குத்தான் பழக்கிவிட்டனான். கணினியிலை மனேஜ்மென்ற் மொடியூலின்ரை பக்கத்தைத் திறந்து ஒரு பட்டனை அழுத்தவேணும். அதுக்கெண்டு அவளின்ரை பேரிலையே ஒரு கணக்கும் திறந்து குடுத்தன்.

மொடியூல் முதல்தரம் நிண்ட அண்டைக்கு நான் தாளை நிரப்பேக்கை, அவள் பக்கத்திலை நிண்டு ஒரு விசயம் சொன்னாள். தலைவர் துடைக்கிறதுக்கு அலுமாரியைத் திறக்கேக்கை வந்த சூடு, அப்பான்ரை படகு எஞ்சின் மூடியைக் கழட்டின மாதிரி இருந்ததாம், அதுதான் நிக்குதாக்கும் எண்டாள். அவள் சொன்னது நூறு வீதம் சரி. எனக்கும் தெரியும். ஆனா மூண்டு பக்க அறிக்கை ஞாபகம் வந்தது, கஜனின்ரை முக்கால் மணித்தியாலம் ஞாபகம் வந்தது, பசியும் வந்தது. மூண்டாவது கட்டத்திலை புள்ளடியைப் போட்டன். அது என்னெண்டு கேட்டாள். வழக்கமா எழுதிறது எண்டன்.

"வழக்கமா எழுதிறதுதானே அண்ணை? அப்ப சரி."

பதினொரு மணி

அதுக்குப் பிறகு கோதாரி விழுந்த மொடியூல் கிழமையிலை நாலு நாள் நிக்கத் தொடங்கிச்சுது. விடிய ஓடும், கிளினிக் சூடு பிடிச்சுப் பதினொரு மணியாகத் துலைஞ்சுது. லாபிலை இரத்தம் பாத்து முடிஞ்சிருக்கும், றிப்போர்ட் வாட்டுக்குப் போகாது. தகப்பனுக்குச் சீனி எவ்வளவு எண்டு கேட்டு வந்த சனம் றீற்றாவின்ரை கவுண்டரிலை அடிச்சுக் கத்தும். அவள் பட்டனை அழுத்தி எழுப்புவாள், அரை மணித்தியாலத்திலை திரும்ப நிக்கும், திரும்ப எழுப்புவாள். நான் போகேக்கையெல்லாம் அலுமாரியைத் திறக்கச் சொல்லிக் கேட்டன். தலைவர் ஒருநாள் உடுவிலிலை கலியாணவீடு, ஒருநாள் கூட்டம். திறப்பு அவரோடை போயிடும்.

பிறகு ஒருநாள் றீற்றா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நெற்வேர்க்கை அடிக்கடி குழப்பிறதுக்கு விளக்கம் குடுக்கச் சொல்லி நிர்வாகசபை கேட்டிருக்கு. விளக்கம் திருப்தியில்லையெண்டா நிரந்தர நியமனம் இல்லையாம். ஆதாரம் என்னெண்டா, மனேஜ்மென்ற் மொடியூல் தானா எழுதிவைக்கிற பதிவுப் பட்டியல். ஒவ்வொரு தரமும் சுவிச் நிண்ட நேரத்துக்குப் பக்கத்திலை அவளின்ரை பேர் இருக்கு. இருக்காதே பின்னை? செத்த சாமானுக்கு நெடுகலும் உயிர் குடுத்தவள் அவள்தானே! அதே பட்டியலிலை, அவளின்ரை பேருக்கு மேல் வரியிலை, சூடு கூடினதாலை நிண்டது எண்டு இங்கிலீசிலை எழுதிக்கிடக்கு. அதை ஒருத்தரும் வாசிக்கேல்லை.

கடிதத்தைப் பறிச்சுக்கொண்டு தலைவரின்ரை அறைக்குள்ளை கேளாமல் போனன். கத்தினன் எண்டுதான் சொல்லவேணும். வேலை செய்யிறவளுக்குத் தண்டனை, அலுமாரிக்குச் சந்தனமோ எண்டு கேட்டன். மனுசன் பதறேல்லை. லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையிலை வைச்சார். பாவனையாளர் தவறு எண்ட கட்டத்திலை வடிவான ஒரு புள்ளடி.

"அப்ப இதிலை இருக்கிற கையெழுத்து ஆரின்ரை தம்பி?"

படத்துக்குக் கதவு திறந்தது

என்னை நானே செருப்பாலை அடிக்கவேணும் போலை இருந்தது. ரெண்டு நாள் நித்திரை இல்லை. மூண்டு பக்க அறிக்கையை எழுதினன், தலைவர் வாங்கி மற்றப் பக்கம் திருப்பி வைச்சார். முதல் தாளும் நீர் எழுதினது, இதுவும் நீர் எழுதினது, எதை நம்புறது எண்டு கேட்டார். கேள்வி நியாயம்தான், அதுதான் இன்னும் கொதி.

திருவிழாவுக்கு மகேந்திரன் வந்தார். படம் எடுக்கிற நாளண்டைக்கு றீற்றாவின்ரை விளக்கக் கடிதமும் கூட்டத்துக்கு வரும் எண்டு அறிஞ்சு, கூப்பிடாமலே போனன். பத்தரை மணி. சபை முழுக்க அலுமாரிக்கு ரெண்டு பக்கமும் வரிசையா நிக்குது. கண்ணாடியிலை பிளாஷ் பட்டா உங்கடை முகம் ஒண்டும் தெரியாது, கதவைத் திறந்துவிட்டு எடுங்கோ எண்டு தலைவருக்குச் சொன்னன். மூண்டு மாசமா நான் கெஞ்சித் திறக்காத கதவு, படமெண்ட உடனை திறந்தது. உள்ளுக்கையிருந்து வந்த சூட்டிலை முன்னுக்கு நிண்டவை ஒரு அடி பின்னுக்குப் போச்சினம். மகேந்திரன் அண்ணை, உங்கடை கையை அந்தச் சுவிச்சிலை ஒருக்கா வையுங்கோ எண்டன். வைச்சவர் உதறிக்கொண்டு எடுத்தார். அந்த இடத்திலையே, எல்லாருக்கும் முன்னாலை, கையோடை கொண்டுபோன பட்டியலிலை அவளின்ரை பேருக்கு மேல் வரியை வாசிச்சுக் காட்டினன். முதல் தாளிலை நான் எழுதினது பொய், அலுப்பிலை எழுதினது, அந்தப் பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை எண்டும் சொன்னன். மகேந்திரன் என்னைப் பாக்கேல்லை. தன்ரை பேர் எழுதின கண்ணாடியைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

"எங்கடை கந்தோரிலை இது வெளியிலைதான் நிண்டது. இதை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டச் சொன்னது ஆர்?"

மன்னிப்பு

அடுத்தநாள் அலுமாரி கழண்டுது. பேர் எழுதின கதவை மட்டும் நடைபாதைச் சுவரிலை மாட்டியிருக்கினம், நல்ல வடிவு. அண்டைக்குப் பிறகு மொடியூல் ஒரு நாளும் நிக்கேல்லை. பொய் எழுதினதுக்கு என்ரை கொம்பனி எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தது. அதை மறுபேச்சில்லாமல் வாங்கினன்.

ரெண்டு கிழமையாலை றீற்றா நிரந்தர நியமனக் கடிதத்தைக் காட்டினாள். கட்டார்க் கதை முடிஞ்சுது எண்டு நான் சந்தோசப் புளுகத்தோடை வாசிச்சன். ரெண்டாவது வரியிலை நிண்டிட்டன். அவளின்ரை தவறை நிர்வாகசபை பெருந்தன்மையோடை மன்னிச்சு இந்த நியமனத்தை வழங்குதாம். எந்தத் தவறு? ஆர் ஆரை மன்னிக்கிறது? மூண்டு மாசம் அவிச்சது நீங்கள், பொய் எழுதினது நான், மன்னிப்பு அவளுக்கோ? கடிதத்தோடை தலைவரின்ரை அறைப் பக்கம் திரும்பினன். றீற்றா எட்டிக் கடிதத்தைக் கையிலையிருந்து எடுத்து, நாலாய் மடிச்சுக் கைப்பைக்குள்ளை வைச்சாள். கவுண்டரிலை சனம் நிண்டது.

"அண்ணை, நீங்கள் போட்ட ஒரு புள்ளடியை அழிக்கவே எனக்கு மூண்டு மாசம் போச்சு. இனி எனக்காகச் சண்டை பிடிக்காதேங்கோ, எனக்கு வேலை கிடக்கு."

ஆக, சகோதரங்களே, எந்த ஊர் சுவிச்சின்ரை மூடின போர்ட்டையும் ஒரு நாளிலை திறந்து காட்டுறன் எண்டு பெருமை அடிச்சுக்கொண்டு திரிஞ்ச எனக்கு, ஒரு அலுமாரிக் கதவைத் திறக்க ஒரு பிள்ளையின்ரை மூண்டு மாச நிம்மதியும் கனடாவிலையிருந்து ஒரு கையும் தேவைப்பட்டது.