நாலாம் மாதத்துக் கிரகணம்

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில், அம்மன் படத்துக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. உள்ளே மருந்துத் தண்ணீரில் மிதந்துகொண்டு ஒரு சின்ன நாக்கு மீன். பொருள் வைக்க வீட்டில் வேறு இடம் இல்லாததால்தான் அண்ணன் அதை அங்கே வைத்தான். அம்மா விளக்கேற்றும்போது வெளிச்சம் மீனின் மேலும் விழும். "கொழம்புல போடுற மீனுக்குக் கற்பூரம் காட்ட வெச்சுட்டான், படுபாவி" என்று முணுமுணுப்பாள். ஆனால் ஒருநாளும் அதை எடுத்து அப்பால் வைத்ததில்லை. படிக்கிற பிள்ளை வைத்த பொருள், அதிலும் ஏதாவது சக்தி இருந்து தொலைக்கப்போகிறது என்ற பயம்.

எழுபதுகளின் கடைசி அது. காரைக்கால்மேட்டில் எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அண்ணன். விலங்கியல் படித்தான். விலங்கியல் என்றால் என்ன என்று கேட்கிறவர்களிடம் அப்பா, "மாட்டு டாக்டருக்குக் கொஞ்சம் கீழ" என்று சொல்லிவைத்திருந்தார். நான் எட்டாவதோடு நின்றவள். அண்ணன் சத்தம்போட்டுப் படிப்பான், நான் வலைக்கு நூல் சுற்றிக்கொண்டே கேட்பேன். எனக்கு வந்த அறிவியலெல்லாம் அப்படிக் காது வழியாக வந்ததுதான். புத்தகங்களைத் தேடிப்பிடித்துப் படித்தது வெகுகாலம் கழித்து.

நாக்கு மீனைப் பார்த்திருப்பீர்கள். தட்டையாக, மணலில் ஒரு பக்கமாகவே படுத்துக் கிடக்கும். கண் இரண்டும் மேல்பக்கத்திலேயே இருக்கும். குஞ்சாக இருக்கும்போது அதற்கும் மற்ற மீன்களைப்போலப் பக்கத்துக்கு ஒரு கண்தானாம். வளர வளர ஒரு கண் மெல்ல மண்டையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து சேருமாம். பிறந்ததிலிருந்து அந்த மீனைத் தின்று வளர்ந்த எங்களுக்கு இது தெரியாது. அண்ணன்தான் புத்தகத்தில் பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டுக் கேட்டான்: "ஒருத்தன் உக்காந்து யோசிச்சு செஞ்சிருந்தா மொதல்லயே ரெண்டு கண்ணையும் மேல வெச்சிருக்கமாட்டானா? வெச்ச கண்ண எதுக்கு இழுத்துக்கிட்டு வரணும்?" அப்பா பீடியை அணைத்துவிட்டு, "சமைக்கிறவகிட்ட போயி கேளுடா, தலைய வெட்டி எறியறவ அவதான்" என்றார்.

அவனுடைய பேராசிரியர் நல்ல மனிதர். நெற்றி நிறைய விபூதியோடு வந்து பரிணாமப் பாடத்தைப் பிழையில்லாமல் நடத்திவிட்டு, கடைசியில் புத்தகத்தை மூடிக்கொண்டே, "பரீட்சைக்குப் பரிணாமம், வீட்டுக்கு விபூதி" என்பாராம். ஒருநாள் அண்ணனை எழுப்பிவிட்டு, "ஏம்ப்பா, உங்க வீட்டு வலை தானாவா பின்னிக்கிச்சு? ஒரு வலைக்கே பின்னுறவன் வேணும்னா, கண்ணுன்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு ஒருத்தன் வேணாமா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் சொன்னானாம்: "எங்கப்பா பின்னுற வலையில தப்பு முடிச்சு விழுந்தா அன்னைக்கே பிரிச்சிடுவாருங்க சார். இந்த ஒடம்புல அப்படியே விட்ட தப்பு முடிச்சு நெறைய இருக்குங்க." வகுப்பு சிரித்தது, பேராசிரியரும் சிரித்தார். "நல்லாத்தான் பேசுற. பரீட்சையில எழுதி வெச்சுடாத" என்று உட்காரச் சொன்னார்.

இந்தக் கதை ஏலம் போடுகிற மணல் வரைக்கும் வந்து சேர்ந்தது. கூடைக்காரப் பெண்கள் அண்ணனைக் கண்டால் விடமாட்டார்கள். "ஏண்டா, நாமெல்லாம் கொரங்குலேர்ந்து வந்தமாமே? ஒங்க மாமன் மட்டும் ஏன் இன்னும் கெளம்பாம இருக்கான்?" அங்கே நின்று ஏலம் கூவுகிற எங்கள் தாய்மாமனும் சேர்ந்து சிரிப்பார். அண்ணன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும், தெரிந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்வதும் அவனுக்குச் சுலபமாக வந்தன.

அந்தச் சிரிப்பு எண்பதாம் வருஷத்தோடு போயிற்று. அந்த மாசியில் சூரிய கிரகணம் வந்தது. அக்காவை அதே ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் அப்போது நாலாம் மாதம். கர்ப்பிணி மேல் கிரகண நிழல் படக்கூடாது. கத்தி, அரிவாள்மனை எதையும் அவள் தொடக்கூடாது. தொட்டு எதையாவது அறுத்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அந்த இடம் அறுபடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவளுடைய மாமியார் மத்தியானமே அவளை உள்ளே விட்டு, சன்னலில் சாக்கைக் கட்டிக் கதவைச் சாத்தினாள். ஊரே அடங்கிக் கிடந்தது. ஆனால் அவளை அடைத்த அறையில்தான் காலையில் வந்த மீன்கூடையும் இருந்தது, கருவாட்டுக்கு உப்புப் போட வைத்தது. அரிவாள்மனையும் அங்கேயே கிடந்தது. நிழலைத் தடுக்க அவ்வளவு பாடுபட்டவர்களுக்கு அதை எடுத்து வெளியே வைக்கத் தோன்றவில்லை. மீன்காரி வீட்டில் அரிவாள்மனை ஒரு பொருளாகவே கண்ணில் படாது. மீன் கெட்டுப்போகுமே என்று அக்கா இருட்டில் தடவித் தடவி அறுத்து முடித்துவிட்டாள். கை சும்மா இருந்து பழக்கமில்லாத பெண்.

ஆடியில் பையன் பிறந்தான். மேலுதடு நடுவில் பிளந்து மூக்குவரை போயிருந்தது. உள்ளே அண்ணமும் திறந்திருந்தது. மருத்துவச்சி துணியால் முகத்தை மூடிக் கொடுத்தாள். அக்கா துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, யாரும் எதுவும் கேட்காமலே, "கெரணத்தன்னிக்கு நாந்தாம்மா மீன அறுத்தேன்" என்று சொன்னாள். அதுவரை அது ஒருவருக்கும் தெரியாது, கிரகணம் விட்டபிறகு அறுத்தாள் என்றே நினைத்திருந்தார்கள். அவளாகச் சொல்லியிருக்காவிட்டால் கடைசிவரை தெரிந்திருக்காது. மாமியார் அங்கேதான் நின்றிருந்தாள். அன்று சாயங்காலமே பிள்ளையையும் அக்காவையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அத்தான் வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, பிள்ளை கொஞ்சம் எடை ஏறட்டும், பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்த் தைத்துவிடலாம், அதுவரை பால் மூச்சுக்குழலில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளையால் சப்பிக் குடிக்க முடியாது. அக்கா பாலைப் பீய்ச்சிச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுவாள். பாதி மூக்கு வழியாகத் திரும்பி வரும். துடைப்பாள், மறுபடி விடுவாள். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் பிள்ளையிடம் மெதுவாக மன்னிப்புக் கேட்பாள்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் அண்ணன் ஒருநாள் தன் கருவியல் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தான். மீன் கரு, கோழிக் கரு, மனிதக் கரு, மூன்றும் ஒரே சாயலில் வரிசையாக இருந்த படம். "பாருக்கா. மீனுக்குச் செவுள் வர்ற எடத்துலேர்ந்துதான் நமக்குத் தாடை வருது. மொகம்கிறது ஒரே துண்டா வர்றதில்ல. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வளந்து வந்து நடுவுல ஒட்டிக்கும். பழைய வலையத் தூக்கிப் போடாம அதுலயே ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வந்த ஒடம்பு இது. ஒட்டுன எடம் சில பேருக்குச் சேராம போயிடும்." பிறகு விரல் மடக்கிக் காட்டினான். உதடு ஒட்டுவதெல்லாம் இரண்டாம் மாதம் முடிவதற்குள் நடந்துவிடும். கிரகணம் வந்தது நாலாம் மாதத்தில். "நீ அருவாமனையத் தொடறதுக்கு முன்னாடியே ஒதடு அப்படித்தான் இருந்துச்சு. நீ ஒண்ணுமே பண்ணலக்கா."

சாட்சி, கணக்கு எல்லாம் சரியாக இருந்தது. வலை தைத்துக்கொண்டிருந்த அப்பா மட்டும் தலையைத் தூக்காமல், "ஒட்டுப்போடவும் ஒரு ஆளு வேணும்லடா" என்றார். அண்ணன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"நான் செய்யல. அப்ப யாரு செஞ்சா?"

"யாரும் செய்யலக்கா. அதான் சொல்றேன்."

"யாரும் செய்யலன்னா, சரியாக்கிக் குடுன்னு நான் யாருகிட்டடா போயி கேக்கறது?"

அண்ணன், டாக்டரிடம்தான் என்றான். அவள் தலையாட்டினாள். ஆனால் அன்றைக்கும் அம்மன் படத்துக்கு முன்னால்தான் பிள்ளையைக் கிடத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எடை ஏறவில்லை. ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டிப் பிள்ளை போய்விட்டான். இழவுக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரு காரணம் இருந்தது. சாமி கொடுத்தது, சாமியே எடுத்துக்கொண்டது என்றார்கள். அந்த முகத்தோடு வளர்ந்து அவமானப்பட வேண்டாமென்று அழைத்துக்கொண்டாள் அம்மன் என்றார்கள். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பந்தல் காலைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவனிடம் மட்டும்தான் சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

துக்கம் கழிந்ததும் அக்காவின் மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவளைத் திரும்ப அழைத்துக்கொள்கிறோம், ஆனால் ஈரச்சேலையோடு அம்மன் வாசலில் நின்று, தெரியாமல் அறுத்துவிட்டேன் என்று ஊர்ப் பெண்கள் கேட்கச் சொல்லித் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அம்மா உடனே சரி என்றாள். அண்ணன் குதித்தான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "செய்யாததச் செஞ்சேன்னு சொல்லப்போறியா? ஒன் புள்ள மேல சத்தியமா சொல்றேன், நீ செய்யல. அங்க போயி நின்னீன்னா இந்த ஊருல இனிமே ஒதடு பிளந்து பொறக்குற ஒவ்வொரு புள்ளைக்கும் அதோட ஆத்தாளத்தான் நிறுத்துவாளுவ."

அக்கா சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லாமல் பேசினாள். "நீ சொன்னது பொய்யின்னு நான் சொல்லலடா தம்பி. படிச்சவன் நீ, சரியாத்தான் இருக்கும். ஆனா நீ சொல்றதுல எனக்கு எடமே இல்லையே. நான் அறுத்ததாலதான்னா, அவன் என்னால அப்படி வந்தான், என்னால போனான். என் புள்ள. யாருமே செய்யல, சும்மா சேராம போச்சுன்னா, அவ்வளவு நாளு மூக்கால பாலக் கக்கிக்கிட்டுக் கெடந்தானே, அது எதுக்கு? ஒரு காரணம்கூட இல்லாமயா அவன் போவணும்?"

பேராசிரியரை மறுத்தது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று அப்போதுதான் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வானத்தில் உட்கார்ந்து அளவெடுத்துச் செய்கிறவனைச் சந்தேகப்படுவது அவனுக்கு எளிதாக இருந்தது. ஆனால் இவள் அந்த இடத்தில் தன்னையே தூக்கி வைத்துவிட்டாளே. செய்தவர் யாருமில்லை என்றால் இவளையல்லவா மறுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அக்கா அம்மன் வாசலில் நின்றாள். அந்த வார்த்தைகளைச் சொன்னாள். மாமியாரே அழுதுகொண்டு அவள் தலையில் தண்ணீர் ஊற்றினாள். அவளும் கெட்டவள் இல்லை. அண்ணன் கோயிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்படியே திரும்பிப் போனான்.

இன்றைக்கு அப்படிப்பட்ட பிள்ளைகளைச் சின்னதிலேயே தைத்துவிடுகிறார்கள். கோவில்பத்துப் பக்கம் பேருந்தில் போகும்போது மேலுதட்டில் மெல்லிய கோடோடு கல்லூரிக்குப் போகிற பெண்ணைப் பார்க்கிறேன். கூட்டாளிகளோடு சத்தமாகச் சிரித்துக்கொண்டு போகிறாள். என்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிவதில்லை. அக்காவும் இல்லை, அண்ணனும் இல்லை. அண்ணன் பட்டம் வாங்கினான், ஏதோ ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகி ஓய்வும் பெற்றான். மேலே படிக்கச் சொன்ன பேராசிரியரிடம், வேண்டாங்க சார் என்று மட்டும் சொன்னானாம். வீட்டில் அவன் விலங்கியல் பேசி அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. ஒரே ஒருமுறை நானாகக் கேட்டேன், நீ படித்ததையெல்லாம் இப்போதும் நம்புகிறாயா என்று. "நம்புறதுக்கு அதுல என்ன இருக்கு? நாம நம்புனாலும் நம்பாட்டியும் அது பாட்டுக்கு இருக்கும். யாரையும் அதுக்குத் தெரியாது" என்றான். கடலைப் பற்றி அப்பா பேசுகிற மாதிரி இருந்தது.

ஆனால் நான் மறக்க முடியாமல் இருப்பது எண்பத்துமூன்றில் ஒரு காலைப்பொழுதை. அக்கா இரண்டாவது முறை உண்டானபோது, கிரகணம் இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. முதல் நாளிலிருந்து பிரசவம்வரை எதையும் அறுக்கவில்லை. மீன் பக்கத்து வீட்டில் அறுபட்டு வரும். கீரையைக்கூட அவள் கிள்ளவில்லை. நகம் வளர்ந்து ஒடிந்தால்தான் உண்டு. பெண் பிறந்தாள். செதுக்கிவைத்த மாதிரி உதடு. அண்ணன் வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டு பிள்ளையை அவனிடம் நீட்டினாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் முகத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

"பாத்தியாடா தம்பி? இந்தத் தடவ கத்தியத் தொடவே இல்ல. எப்படி வந்திருக்கா பாரு."

இந்தப் பிள்ளை நன்றாகப் பிறந்ததே அந்தப் பிள்ளையை அவள்தான் கெடுத்தாள் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அதற்குத்தான் அந்தச் சந்தோஷம். கணக்கு எங்கே தப்பு என்று எனக்கே தெரிந்தது, அவனுக்குத் தெரியாமலா? அண்ணன் பிள்ளையின் மேலுதட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். இரண்டு பக்கமும் வந்து சேருகிற அந்தச் சின்னப் பள்ளத்தில் விரல் கொஞ்சநேரம் நின்றது. ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தான்.

"ஆமாக்கா" என்றான்.