பெட்டியில் கட்டிய தூள்

2003 ஆம் ஆண்டு டிசம்பர் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. பாடசாலை விடுமுறை. காலையில் மண்வெட்டியால் வாய்க்கால் கீறி, முற்றத்தில் தேங்கிய மழைத்தண்ணீரை வெளியே விட்டேன். அம்மா புட்டு அவித்தார். சாப்பிட்டதும் சின்னம்மாவும் நானும் கோப்பாயிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினோம். எனக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கக் கூடியவள் என்று எனக்கொரு பெயர் இருந்ததால் என்னைக் கூட்டிப் போனார்.

அந்த ஆவணியில்தான் சின்னம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது. லண்டன் மாப்பிள்ளை, பிரித்தானிய ராணுவத்தில் சமையல்காரர். எங்கள் வீட்டில் ஆமி என்ற சொல்லை உரத்துச் சொல்வதில்லை. அதனால் அயலவருக்கு அவர் அரசாங்க உத்தியோகத்தர் ஆனார். மூன்று கிழமை இருந்துவிட்டுப் போனார். அவர் போன கையோடு அம்மா மிளகாய்த்தூள் வறுத்து இடித்து, பொலித்தீன் பைகளில் போட்டு, வாயை மெழுகுதிரியில் உருக்கி ஒட்டி, சின்னம்மாவின் பெட்டியின் அடியில் வைத்தார். விசா வரவேண்டியதுதான் பாக்கி.

கார்த்திகையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தன்னை ஜேர்மனியில் உள்ள ஒரு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், அங்கே குடும்பத்தைக் கூட்டிப் போக அனுமதியில்லை என்றும் சித்தப்பா சொன்னார். யாரும் சந்தேகப்படவில்லை. நாங்கள் அறிந்த ஆமி மண்மூட்டைக்குப் பின்னால் தனியாக நின்றது. அங்கே ஒரு பெண்சாதியையோ பிள்ளையையோ ஒருவரும் கண்டதில்லை. அந்தத் தடை எத்தனை வருடத்துக்கு என்பது மட்டுமே சின்னம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அன்று யாழ்ப்பாணத்தில் இன்ரநெற் கடைக்காரர் முகாமின் பெயரைக் கேட்டுத் தட்டினார். படம் மெதுவாக மேலிருந்து இறங்கியது. முதலில் ஒரு வீட்டுக் கூரை, பிறகு யன்னல், பிறகு வாசலில் சிரித்தபடி ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும்.

“உது குடும்பங்களுக்கெண்டே போட்டிருக்கிற பக்கம், அக்கா,” என்றார் கடைக்காரர்.

நான் வாசித்தேன். மணம் முடித்தவர்களுக்கு வீடு கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் உண்டு. குளிருக்கு என்ன உடுப்பு என்றுகூட எழுதியிருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“சின்னம்மா, நாயையும் கொண்டு போகலாமாம்.”

“நாயையுமோ?”

“ஓம். ஊசி போட்டிருக்க வேணுமாம்.”

கடைக்காரர் சிரித்தார். “நாய்க்கும் வழி கிடக்கு. எங்களுக்குத்தான் ஒண்டும் சரிவருகுதில்லை.”

சின்னம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வீடு குடுக்கிறதைப் பற்றித் திரும்ப வாசி, பிள்ளை.”

வாசித்தேன்.

“சமையல்காரருக்கு இல்லையெண்டு எங்கையும் போட்டிருக்கோ?”

“இல்லை, சின்னம்மா. எல்லாருக்கும் எண்டுதான் கிடக்கு.”

“வடிவாப் பார்.”

கீழ்வரை பார்த்தேன். இல்லை.

பஸ்ஸில் அவர் யன்னலோரம் இருந்தார். நான்தான் கதைத்துக்கொண்டு வந்தேன். “சித்தப்பாவுக்கு உது தெரியாது போல. நீங்கள் சொல்லுங்கோவன்.”

“ஓம். அவருக்குத் தெரியாதாக்கும்.”

சந்தியில் மண்மூட்டைக்குப் பின்னால் ஒரு சிப்பாய் நின்றான். சின்னம்மா அவனைத் தலை திருப்பிப் பார்த்தார். ஊரில் எந்தப் பெண்ணும் அப்படிப் பார்ப்பதில்லை.

வீட்டில் அம்மா படலை வாசலுக்கே வந்துவிட்டார். “என்னடி, ஏதும் தெரிஞ்சுதோ?”

“இன்ரநெற் வேலை செய்யேல்லை, அக்கா.”

நான் வாய் திறந்தேன். சின்னம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். விசா வரும்வரை நல்ல செய்தியை மறைத்து வைக்கிறார் என்று நினைத்து, நானும் பேசாமல் இருந்தேன். ரகசியத்தில் எனக்கும் பங்கு கிடைத்த பெருமை வேறு.

மறுநாள் காலை, முகம் கழுவமுன்னரே, சின்னம்மா கட்டிலின் கீழிருந்து பெட்டியை இழுத்தார். தூள் பைகளை ஒவ்வொன்றாக வெட்டி, அடுப்படியில் தூள் போடும் தகரத்தில் கொட்டினார். அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன்: “எல்லாத்தையும் கொட்டினால் ஜேர்மனிக்கு என்னத்தைக் கொண்டு போவியள், சின்னம்மா?”