பெருந்தேன் பாறையின் கீழ்

மழைக்காலத்தில் அருவி கண்டுபிடிப்பது பெரிய வேலை அல்ல. ஆனி, ஆடியில் மாட்டுப்பட்டி அணைக்கு மேலே எந்தச் சரிவைப் பார்த்தாலும் வெள்ளைக் கோடுகள் தொங்கும். அவற்றில் பாதி, மழை நின்ற சில வாரங்களில் காய்ந்துவிடும். மார்கழியிலும் கோடு அழியாமல் இருந்தால் அதற்குப் பின்னால் சோலைக்காடு இருக்கிறது, ஊற்று இருக்கிறது என்று அர்த்தம். எதிர் மலையிலிருந்து அதைப் பார்த்து வைத்துக்கொண்டு, அது எந்த ஓடையாக வந்து சாலையைக் கடக்கிறது என்று தேட வேண்டும். பிறகு அந்தப் பாலத்தடியில் ஓடையைப் பிடித்து மேலே நடக்க வேண்டும். இதுதான் என் முறை.

பாலக்காட்டில் ஒரு நாளிதழின் மாவட்டப் பிரிவில் வேலை பார்த்த காலத்திலிருந்தே விடுமுறை நாட்களில் இப்படிப் போய்வருகிறேன். அதே வேலையில் அருவிகளின் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டி மேலே இழுக்கப்படும் உடல்கள். அருவியில் இறந்தவரின் உடம்பு குளத்தில் மூழ்கியவரின் உடம்பைப் போல் இருக்காது. பாறைகள் உருட்டி எடுத்த உடம்பு அது. சட்டை இருக்காது, பித்தான் போட்ட காலர் மட்டும் கழுத்தில் இருக்கும். அதனால் பாசிப் பாறையில் கால் வைக்க மாட்டேன். விளிம்பில் நின்று படம் எடுக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த ஆபத்துகள் எல்லாம் தண்ணீரில் இருந்தன.

ஒரு மார்கழியில் அக்காவின் கணவர் தானும் வருவதாகச் சொன்னார். அறுபதை நெருங்குபவர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னையும் கடலையும் வைத்திருக்கும் விவசாயி. பாலக்காடு என்றாலே பச்சை என்று நினைப்பவர்கள் எங்கள் கிழக்குப் பக்கம் வந்ததில்லை. அங்கே மழை குறைவு. வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்பதுதான் பேச்சு. விடுகிற நாளில் மதகுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, சாம்பிராணி போட்டுக் கும்பிட்ட பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவார்கள். மச்சான் தண்ணீரைக் கும்பிடுவாரே தவிர, அதில் இறங்க மாட்டார். அவருடைய தம்பி சிறுவயதில் கிணற்றில் மூழ்கி இறந்தவர். அதன் பிறகு மச்சான் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று யாரும் பார்த்ததில்லை.

உடுமலை, சின்னார் வழியாகக் காந்தலூர் போனோம். அங்கே ஒரு ஜீப் பேசினோம். டிரைவர் சூரியநெல்லி எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, காந்தலூரில் பெண் கட்டியவர். வாரத்தில் பாதி நாள் பூண்டு மூட்டை, மீதி நாள் சுற்றுலாக்காரர்கள். மச்சானின் வேட்டியைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்னண்ணே, வேட்டியோட வந்துட்டீய? அட்டைக்கு இன்னைக்குக் கல்யாணச் சாப்பாடுதான்.”

“எங்கூருல அட்டையே கெடையாதுங்க தம்பி. அது பொழைக்கறதுக்கும் தண்ணி வேணுமில்லீங்களா?”

“அப்ப இங்கயே ஒரு காடு வாங்கிப் போட்ருங்க.”

“வாங்கலாந்தான். உங்க பூண்டு வெலையக் கேட்டா மயக்கம் வருதுங்களே.”

நான் முன்பே குறித்து வைத்திருந்த பாலத்தடியிலிருந்து ஓடையைப் பிடித்து ஏறினோம். முதலில் கேரட் தோட்டங்கள், பிறகு யூக்கலிப்டஸ், பிறகு நல்ல காடு. அருவியின் ஓசை முதலில் பாதத்தில்தான் தெரிந்தது; பாறை அதிர்ந்தது. கடைசித் திருப்பத்தில் டிரைவர் நின்றுகொண்டார். பீடி பற்ற வைத்துக்கொண்டு, நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

மூன்று தென்னை உயரம் இருக்கும். தண்ணீர் பாறையை விட்டு விலகி நேராகக் குளத்தில் விழுந்தது. விழுகிற இடத்தில் காற்று அடித்து, எதிரில் இருந்த ஈத்தை மூங்கில் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானால் காதில் வாயை வைக்க வேண்டும். அருவிக்கு இடப்புறம் பெரிய பாறை ஒன்று கூரைபோல் நீண்டிருந்தது. அதன் அடிப்பக்கத்தில் ஆள் அகலத்துக்குக் கறுப்பான திட்டுகள். ஈரம் ஊறிய கறை என்று நினைத்தேன்.

மச்சான் கண் கலங்கிப் போனார். என் காதருகே வந்து, “இத்தன தண்ணியும் சும்மா போகுதே மாப்ள” என்று கத்தினார். பிறகு தோள்பையிலிருந்து கற்பூரமும் கப் சாம்பிராணியும் எடுத்தார். திறந்தவெளியில் சாரல் கற்பூரத்தை அணைத்தது. மறுபடி பற்ற வைத்தார், மறுபடி அணைந்தது. காய்ந்த இடம் அந்தப் பாறைக்கூரைக்கு அடியில் மட்டும்தான் இருந்தது. அங்கே போய்க் கொளுத்தினார். சாம்பிராணிக் கிண்ணங்களை வரிசையாக வைத்தார். புகை தடித்து நேராக மேலே எழுந்தது. அவர் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

திருப்பத்தில் டிரைவர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். வாய் திறந்து மூடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. படம் எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்துக் கையை அசைத்தேன். அவர் திரும்பி ஓடுவதைப் பார்த்த பிறகுதான் மேலே பார்த்தேன். கறைகள் அசைந்தன. ஒரு திட்டின் மேல் ஓர் அலை ஓடி முடிந்தது. பிறகு அந்தத் திட்டு பாறையை விட்டுக் கழன்று விழுந்தது.

பெருந்தேனீ. முதல் கொட்டு எனக்குப் புருவத்தில். அதோடு நன்கு பழுத்த நேந்திரம்பழத்தின் வாசனை வந்தது. ஒன்று கொட்டினால் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மற்றவை வருகின்றன என்று பிற்பாடு படித்தேன். அப்போது தெரிந்தது ஒன்றுதான்: மச்சானின் வெள்ளைச் சட்டை முதுகில் பழுப்பாகிவிட்டது. அவர் தலையில் அடித்துக்கொண்டு சுழன்றார். வேட்டி அவிழ்ந்து நெருப்பில் விழுந்து கருகியது.

ஓட முடியாது. வந்த வழி பாறைகள். ஓடினால் கால் முறியும். குளத்தில் மூழ்கினால் தலை தூக்கும் இடத்தில் அவை காத்திருக்கும். போகக்கூடிய இடம் அருவி ஒன்றுதான். அது விழும் இடத்துக்குப் பின்னால் பாறையில் ஒரு விளிம்பு தெரிந்தது. அங்கே சேர மார்பளவு தண்ணீரில் நடந்து, விழும் தண்ணீரைத் தாண்ட வேண்டும்.

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கால் தண்ணீர் வரை வந்தார். அதற்கு மேல் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“வேண்டாம் மாப்ள! உட்றா!”

“வாங்க மச்சான், செத்துப் போவீங்க!”

“செத்தாலும் கரையிலயே சாவறேன்! தம்பி மாதர போமாட்டேன், உட்றா!”

அவர் உதட்டின் உள்ளே ஒரு தேனீ இருந்தது. கண்கள் மூட ஆரம்பித்திருந்தன. வேரைப் பிடித்திருந்த விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவர் என் முன்கையைக் கடித்தார். வாயில் குத்தினேன். அப்போதும் “வாங்க மச்சான், வாங்க” என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன். பல் உடைவது என் விரல் முட்டியில் தெரிந்தது. பிடி தளர்ந்தது. தலைமயிரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். வழியெல்லாம் என்னை உதைத்தார். விழும் தண்ணீர் எங்கள் மேல் இறங்கியபோது இருவரும் ஒருமுறை அடியில் போய், பாறையில் மோதி எழுந்தோம்.

விளிம்பு இரண்டு பேர் ஒட்டி நிற்கும் அகலம். முன்னால் தண்ணீர்ச் சுவர். தேனீக்கள் அதைத் தாண்டி வரவில்லை. வந்த ஒன்றிரண்டையும் தண்ணீர் அடித்து நசுக்கியது. எங்களையும் அடித்தது. தோளில், பிடரியில், யாரோ ஈர மூட்டைகளை இடைவிடாமல் போடுவதைப் போல. வெளிச்சம் பச்சையாக இருந்தது. மச்சான் வாந்தி எடுத்தார். பிறகு என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். நகங்கள் இறங்கின. அவருக்கு மூச்சு வருகிறதா என்று காதால் கேட்க வழியில்லை. அவர் நெஞ்சில் கை வைத்து ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வெயில் மலைக்குப் பின்னால் போன பிறகு டிரைவர் திரும்பி வந்தார். கேரட் தோட்டத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். எல்லோரும் தலையோடு ஈரக் கம்பளி போர்த்தியிருந்தார்கள். அவர் முகமும் வீங்கியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் வா என்றார். பாறையில் திட்டுகள் மறுபடி அடங்கிவிட்டன.

மச்சான் வரவில்லை. உள்ளே வர மாட்டேன் என்றவர் இப்போது வெளியே வர மறுத்தார். உதடு நீலமாகியிருந்தது. குளிரில் உடம்பு நடுங்குவதுகூட நின்றுவிட்டது. அது நல்ல அறிகுறி அல்ல என்று எனக்குத் தெரியும். “இன்னுங் கொஞ்ச நேரம்” என்பதுபோல் வாய் அசைந்தது. தூங்கப் போகிறவரின் முகம். நான் மறுபடி அடித்தேன். இந்தமுறை கன்னத்தில், திறந்த கையால், அவர் விழித்துக்கொள்ளும்வரை. டிரைவரும் நானும் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து வந்தோம். கரையில் கம்பளியில் சுற்றி, ஜீப் வரைக்கும் தூக்கிப் போனார்கள்.

“நான் ஓடிட்டேண்ணே,” என்றார் டிரைவர், கியரை மாற்றிக்கொண்டே. “கால் நிக்கல.”

“ஓடாம இருந்தா யாரு வந்திருப்பாங்க?” என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கத்தி முனையால் கொடுக்குகளை வழித்து எடுத்தார்கள். கிண்ணத்தில் அவை அரைத்த மிளகுபோல் சேர்ந்தன. மறுநாள் அக்கா வந்தாள். மச்சானின் கண்கள் இன்னும் திறக்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏனுங்க, தேனீ பல்லக் கூடவா புடுங்கும்?”

மச்சான் விரலை நீட்டினார். “இவந்தான்.”

விரல், கட்டிலருகே உட்கார்ந்திருந்த டிரைவர் பக்கம் நீண்டிருந்தது. “ஐயய்யோ அக்கா, நான் இல்ல!” என்று அவர் எழுந்துவிட்டார்.

நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். இரண்டு முறை அடித்ததையும் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, “உசுரு இருக்குதுல்ல. பல்லுக் கட்டிக்கலாம்” என்றாள். மச்சான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தை பிறந்தது. பொங்கலுக்கு அவர் தோட்டத்து இளநீர்க் குலை எங்கள் வீட்டுக்கு வந்தது. அக்காதான் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் போய் “வாங்க மச்சான்” என்றேன். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இறங்கவில்லை.