ஹேவன் வியூவில் யாரும் யாரையும் அடித்ததில்லை

“என் இல்லத்துல பத்தொம்பது வருஷமா ஒருத்தர் மேல ஒருத்தர் கை வெச்சது கிடையாது. இனிமேலும் வைக்க மாட்டாங்க. சந்தேகம்னா பதிவேட்டைப் புரட்டிப் பாருங்க.”

இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியின் நகர மண்டபத்தில், முதியோர் இல்லங்களுக்கான சிறந்த தலைமைக் கேடயத்தை வாங்கிக்கொண்டு தெல்மா கிராப்ட்ரீ இவ்வாறு முழங்கியபோது அவருடைய இடது புருவத்தின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அன்று காலை எட்டே முக்காலுக்கு ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணம் ஒன்று சாப்பாட்டு அறையின் குறுக்கே பறந்து வந்து அங்கே இறங்கியிருந்தது. அனுப்பிவைத்தவர் எட்னா டப்ளின், வயது எண்பத்து நான்கு. நாற்பது வருடம் மீன்வலை பின்னிய கை. குறி தப்பாது.

ஆனால் தெல்மா பொய் சொல்லவில்லை. பதிவேட்டில் அந்தக் கிண்ணத்தைப் பற்றி, “எட்னா காலை உணவில் தமக்கு விருப்பமில்லை என்பதைத் தெரிவித்தார்” என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தைய மாதம் முன்னாள் கப்பல் தலைவர் வில்ஃப் ஸ்டோக்கோ, பக்கத்து அறை சிரிலின் மூக்கை உடைத்திருந்தார். அதுவும் ஒளிவுமறைவில்லாமல் பதிவாகியிருந்தது: “வில்ஃப் தம் கையைச் சிரிலின் முகத்தை நோக்கி வேகமாகக் கொண்டுசென்றார். சிரிலின் முகம் அங்கேயே இருந்தது.” ஒரு வெள்ளிக்கிழமை, ஹாடக் மீனுக்குப் பதில் காட் மீனைப் பொரித்துவைத்த சமையற்காரரின் கையில் முள்கரண்டி குத்தி நின்றது. “உணவுப் பட்டியல் பற்றிக் கருத்துகள் பெறப்பட்டன.”

இந்த மொழியைத் தெல்மா தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. தலைமையகம் அவரை மூன்று நாள் ஒரு ஓட்டலில் உட்காரவைத்து, முதியவர்கள் யாரும் அடிப்பதில்லை, நிறைவேறாத தேவை ஒன்றை வெளிப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான் என்று கற்றுக்கொடுத்துச் சான்றிதழும் தந்திருந்தது. அன்றிலிருந்து ஹேவன் வியூவில் தேவைகள் ரத்தமாக வெளிப்பட்டன, பல்லாக வெளிப்பட்டன, ஒருமுறை சன்னல் கண்ணாடியின் வழியே முழு நாற்காலியாகவும் வெளிப்பட்டன. அடி மட்டும் யாருக்கும் விழவில்லை.

துறைமுகம் தெரியும் வீடு என்று பெயர் வைத்திருந்தார்களே தவிர, சன்னலைத் திறந்தால் தெரிந்தது உறைமீன் தொழிற்சாலையின் பின்சுவர். அதனால் என்ன, அங்கிருந்த முப்பத்தொரு பேரும் அந்த நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஐஸ்லாந்துக் கடலில் மூன்று வாரம், கரையில் மூன்று நாள் என்று வாழ்ந்த ஆண்கள். அந்த மூன்று நாளைத் தாக்குப்பிடித்த பெண்கள்.

தெல்மாவும் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிறந்தவர்தான். அப்பா கரையேறினால் முதல் நாள் பொம்மை, இரண்டாம் நாள் குடி, மூன்றாம் நாள் பெல்ட். ஏழு வயதிலேயே மாடிப்படியில் பூட்ஸ் விழும் ஓசையை வைத்து அன்றைக்கு எத்தனை அடி என்று சொல்லக்கூடிய அறிவு அவருக்கு வாய்த்திருந்தது. பதினைந்து வயதில் மீன் அறுக்கும் கொட்டகை. இருபத்து நான்கில் முதியோர் பராமரிப்பு. எந்தக் கை எப்போது உயரும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவருக்கு அந்த வேலை கைவந்த கலையாக அமைந்ததில் ஆச்சரியமில்லை.

உண்மையைச் சொன்னால் நல்ல நிர்வாகிதான். அலுவலகம் என்று பெயரிட்ட அறையில் டயப்பர் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டு, தாம் எந்நேரமும் கூடத்திலேயே இருந்தார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை முதல் நாளே நடக்கமுடியாதவர்களைத் தூக்கும் எந்திரத்தின் தொட்டிலில் உட்காரவைத்து அந்தரத்தில் ஐந்து நிமிடம் தொங்கவிடுவார். பிறகு கண்ணைக் கட்டிவிட்டு இன்னொருவர் கையால் தயிர் ஊட்டச்சொல்வார். அழுதுகொண்டே இறங்கியவர்கள் நல்ல ஊழியர்களாக நிலைத்தார்கள். சிரித்தவர்கள் மறுவாரம் வரவில்லை. நேரே எதிரில் போய் நிற்காதே, பக்கவாட்டில் முட்டிபோட்டு உட்கார், உன் கை அவர் தோளுக்கு மேல் போகவே கூடாது. இதுதான் அங்கே சட்டம். யாராவது உதை வாங்கினால், ஏன் எப்படி என்று கேட்காமல் அவர் கையில் ஒரு கோப்பைத் தேநீரைக் கொடுத்துப் பத்து நிமிடம் வெளியே அனுப்பிவிட்டு, மிச்ச உதையைத் தெல்மாவே வாங்கிக்கொள்வார்.

இப்படிப்பட்டவரை ஒரு பச்சை நிறம் கவிழ்த்தது.

வட்டார மேலாளர் பியர்ஸ் லாட்டிமர் தெற்கத்திக்காரர். கூர்முனைச் செருப்பு, அதைவிடக் கூரான மூக்கு. அடுத்த செவ்வாய் அரசு ஆய்வாளர்கள் வரப்போகிறார்கள், இந்தமுறை ‘மிகச்சிறப்பு’ என்ற தரம் கிடைத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டு, கூடத்தின் முப்பத்தொரு நாற்காலிகளுக்கும் புது உறைகளை இறக்கினார். நல்ல பாசிப்பச்சை. மறதிநோய் உள்ளவர்களைப் பச்சை அமைதிப்படுத்தும் என்று ஆராய்ச்சி இருக்கிறதாம்.

கிரிம்ஸ்பியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், மீன்பிடிக் கப்பலில் பச்சை ஏறினால் கப்பல் திரும்பாது. பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வழியனுப்ப வந்த புதுமனைவியைக் கப்பல்துறையிலிருந்து கல்லெறிந்து துரத்திய ஊர் அது. தெல்மா பள்ளியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பச்சை ரிப்பனை அவருடைய அம்மா கத்தரித்துத் தலையிலிருந்தே அகற்றி அடுப்பில் போட்டிருக்கிறார், கொஞ்சம் முடியோடு. ஆகவே தெல்மா ‘வேண்டாம்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். ஆனால் பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூடக் கிடைக்காத ‘மிகச்சிறப்பு’ கண்முன் நின்றது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

வியாழக்கிழமை காலை உறைகள் ஏறின. எல்லோரும் சாப்பாட்டு அறையிலிருந்து வரிசையாக வந்தார்கள். முதலில் வந்தவர் வில்ஃப். வயது எண்பத்தாறு, இடது கையில் இரண்டு விரலைக் கப்பலில் வலைக்கயிறு சுற்றும் சுருள்பொறி தின்றுவிட்டிருந்தது. வாசலில் நின்றார். அறை முழுக்கப் பச்சை. ஒரு நிமிடம் அவர் மூச்சே விடவில்லை. லாட்டிமரின் ஆராய்ச்சி பலிக்கிறது என்றே தெல்மா நினைத்தார்.

அப்புறம் வில்ஃப் தம் நடைச்சட்டத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, முதல் நாற்காலியின் மேல் இறக்கினார்.

அலுமினியம் வளைந்தது. இரண்டாம் அடியில் நாற்காலியின் கை பிய்ந்தது. பின்னால் வந்த எட்னா பச்சையைப் பார்த்ததும் ஒரு உறையைப் பல்லால் பிடித்துக் கிழித்தார். சிரில், இன்னும் ஆறாத மூக்கோடு, எது எதிரி என்று புரியாமல் கைக்கெட்டிய தலையையெல்லாம் கைத்தடியால் சாத்தினார். தேநீர் வண்டி சாய்ந்து கொதிநீர் ஓடியது. யாரோ தொலைக்காட்சிக்குள் தம் காலைவிட்டு மாட்டிக்கொண்டு அலறினார். மெத்தைகளிலிருந்து பஞ்சு பறந்தது, ஒரு செட்டுப் பல்லும் பறந்தது. பத்து நிமிடத்தில் அந்தக் கூடத்தில் வெளிப்படாத தேவை என்று எதுவும் மிச்சமில்லை.

அங்கே வேலை பார்த்த ருவிம்போ என்ற ஜிம்பாப்வே பெண் எட்னாவைச் சுடுநீரிலிருந்து இழுத்துக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வில்ஃபிடம் ஓடினாள். சட்டப்படி பக்கவாட்டில் முட்டிபோட்டாள். வில்ஃபுக்கு அது கூடமில்லை, கப்பல்தளம். அந்தப் பச்சையை ஏற்றிய துரோகி இவள்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். “என் ஆளுங்க பதினெட்டு பேருடீ” என்று கத்திக்கொண்டு, எட்டு விரலாலும் அவள் கழுத்தைப் பிடித்தார். ஐம்பது வருடம் இரும்புக் கயிறு இழுத்த விரல்கள். ருவிம்போவின் கண் மேலே செருகியது, குதிகால் தரையைத் தட்டியது.

தெல்மா தமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தார். மெல்லிய குரலில் பேசினார். வில்ஃபின் கட்டைவிரலைப் பின்னால் வளைத்தார். விரல் வளைந்தது, பிடி தளர்ந்தது, ருவிம்போ இருமிக்கொண்டு ஒரு பக்கம் சரிந்தாள். முடிந்திருக்கவேண்டும். ஆனால் விடுபட்ட கையால் வில்ஃப் தெல்மாவின் வாயில் ஒரு குத்து விட்டார். உதடு பிளந்து, பல்லில் ரத்தம் உப்புக் கரித்தது.

அந்த உப்பு ஏழு வயதில் ருசித்த அதே உப்பு. தெல்மாவின் வலக்கை தோளுக்கு மேல் போனது, போனதைவிட வேகமாக இறங்கியது.

முப்பத்தைந்து வருடம் மீன் அறுத்தும் ஆள் தூக்கியும் வளர்ந்த கை. வில்ஃப் சுழன்று பஞ்சு பிதுங்கிய பச்சை நாற்காலியில் போய் விழுந்தார். கன்னத்தில் ஐந்து விரலும் அச்சடித்தாற்போல் பதிந்தன. அவர் திருப்பி அடிக்கவில்லை. முழங்கையை மடித்து முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, அதற்குக் கீழிருந்து எட்டிப்பார்த்தார். அந்த மடிப்பு தெல்மாவுக்கு நன்றாகத் தெரியும். மாடிப்படியின் அடியில் உட்கார்ந்து அவரே கண்டுபிடித்த மடிப்பு அது.

“இனிமே பண்ண மாட்டேன்,” என்றார் கப்பல் தலைவர்.

பார்த்தவள் ருவிம்போ ஒருத்திதான்.

மாலை மூன்று மணிக்கு வில்ஃபின் மகள் கேனர் வந்தாள், கன்னத்தைப் பார்த்தாள், கூடத்தையே இரண்டாக்கினாள். அப்பா ஒண்ணும் தேவதை இல்லைன்னு எனக்கும் தெரியும், ஆனா அடிச்ச நாய் யாருன்னு தெரியாம நான் இங்கேர்ந்து நகர மாட்டேன் என்று வரவேற்பறையில் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். நான்கு மணிக்கு லாட்டிமர் வந்து சேர்ந்தார். டயப்பர் பெட்டிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கிக்கொண்டு, பதிவேட்டில் என்ன எழுதுவதென்று யோசிக்கவே வேண்டாம் என்றார். அந்த ஆப்பிரிக்கப் பெண்ணின் கழுத்தில் விரல் தடம் இருக்கிறது. ஆக, மல்லுக்கட்டு நடந்திருக்கிறது. ஆக, அவள்தான் அடித்திருக்கிறாள். பெயரைக் கொடுத்துவிட்டால் மகள் போய்விடுவாள், செவ்வாய்க்கிழமைக்குள் கூடத்தை ஒழுங்கு பண்ணிவிடலாம், ‘உடனடி நடவடிக்கை’ என்று ஆய்வாளர்களிடம் காட்டினால் அதற்கே தனி மதிப்பெண்.

“அவளுக்கு விசா இந்த வேலைய நம்பித்தான் இருக்கு, சார்,” என்றார் தெல்மா. பிளந்த உதட்டில் வார்த்தை சரியாக வரவில்லை.

“அதனாலதான் சொல்றேன். சண்டை போட மாட்டா. நீங்க போட்டா கேடயம் போகும், வேலை போகும், இல்லமே போகும். யோசிங்க.”

தெல்மா யோசிப்பதற்காகப் பின்வாசலுக்குப் போனார். அங்கே ருவிம்போ கழுத்தில் ஐஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடத் தேநீர் ஐந்து மணிநேரமாக ஆறிப்போயிருந்தது. கணவரும் இரண்டு பையன்களும் வந்து ஆறுமாதம்தான் ஆகியிருந்தது. சின்னவன் இப்போதுதான் பள்ளியில் நண்பன் பிடித்திருந்தான்.

“என் பேரத்தான் கேட்டாரா அம்மா?”

“ஆமா கண்ணு.”

“நான் வாயத் திறக்க மாட்டேன். நீங்க இல்லேன்னா நான் இந்நேரம் செத்திருப்பேன். அந்தக் கடன் எனக்கு இருக்கு.” ஐஸ் பொட்டலத்தைக் கழுத்தின் மறுபக்கம் மாற்றிக்கொண்டு சொன்னாள், “ஆனா அம்மா, அவர் கைய விட்டதுக்கப்புறந்தான் நீங்க அடிச்சீங்க.”

இந்த ஒரு நொடியைத்தான் தெல்மாவும் காலையிலிருந்து மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தை விடுவிக்க அடித்தேன் என்று சொல்லலாம், ஊரே நம்பும். ஆனால் கழுத்து அதற்கு முன்பே விடுபட்டுவிட்டது. அந்த அடி ருவிம்போவுக்காக இல்லை. வில்ஃபுக்காகவும் இல்லை. இறந்து நாற்பது வருடமான ஒரு மனிதருக்குப் போய்ச்சேர வேண்டியதை, விலாசம் மாறி எண்பத்தாறு வயதுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

அவர் திரும்ப உள்ளே வந்தபோது லாட்டிமர் பதிவேட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவைத்திருந்தார். பெயரை எழுதத் தயக்கமாக இருந்தால் இப்படித் தொடங்கலாம் என்று வாசகமும் சொன்னார்: “வில்ஃபின் கன்னம் ஊழியர் ஒருவரின் கையோடு தொடர்புக்கு வந்தது.” பத்தொன்பது வருடம் இந்த மொழியிலேயே எழுதிப் பழகிய தெல்மாவுக்கு அது நல்ல வாக்கியமாகத்தான் பட்டது. தாமே எழுதியிருக்கக்கூடிய வாக்கியம்.

பேனாவை வாங்கினார். பதினொன்றே கால் மணிக்கு வில்ஃப் ஸ்டோக்கோவை நான் அடித்தேன் என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தார். வில்ஃப் அப்போது ருவிம்போவின் கழுத்தை விட்டிருந்தார் என்று அதற்குக் கீழே சேர்த்தார். நாற்காலிக்குப் பச்சை உறை போட்டது என் சம்மதத்தோடு என்றும் எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

“பைத்தியமா உங்களுக்கு?” என்றார் லாட்டிமர்.

தெல்மா வரவேற்பறைக்குப் போய்க் கேனரின் எதிரில் நிற்காமல், பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு வாக்கியத்தில் சொன்னார். கேனர் எழுந்து, கையிலிருந்த பையால் அவருடைய தலையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். தெல்மா நகரவில்லை. யாரும் அவருக்குத் தேநீர் கொடுத்து வெளியே அனுப்பவும் இல்லை.

அழுகை ஓய்ந்தபின் அவர் எழுந்து, சுவரிலிருந்த தொலைபேசியில் நகராட்சியின் முதியோர் பாதுகாப்புப் பிரிவைக் கூப்பிட்டார். எடுத்தவள் சின்னப்பெண், வேலைக்குப் புதிது போல, படிவத்தை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்டாள். பாதிக்கப்பட்டவர் பெயர், வயது, காயம் எங்கே. தெல்மா நிதானமாகச் சொன்னார். அடித்தவர் பெயர் என்று கேட்டபோது குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டியும் சொன்னார்.

“சரி, எழுதிட்டேன். இப்போ பேசறது யாருன்னு சொல்லுங்கம்மா?”

“அதே பேர்தான், கண்ணு,” என்றார் தெல்மா.