ஸ்டூடியோ மூக்கு

என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, இரண்டு மூக்குகள் இருந்தன. ஒன்று கடவுள் கொடுத்தது, கொஞ்சம் அகலம். இன்னொன்று கள்ளக்குறிச்சி ஸ்டூடியோக்காரர் கொடுத்தது. மூக்கின் இரண்டு பக்கமும் பழுப்புப் பவுடரை இழுத்து, நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தீற்றி, கன்னத்துக்குக் கீழேயும் கொஞ்சம் தேய்த்து, பெரிய விளக்கைப் போட்டுப் படம் எடுத்தார். படத்தில் மூக்கு எடுப்பாக நின்றது. பவுடர் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்பது வயது. வித்தை பூராவும் கைவந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

படத்தைப் பார்த்துவிட்டு மூங்கில்துறைப்பட்டிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. இனி எங்கே வரப்போகிறார்கள் என்று கேசரிக்கு வாங்கிய ரவையை அம்மா எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். பதினோரு மணி வெயிலில் மாப்பிள்ளையும் அவருடைய மாமாவும் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டினார்களாம். வேட்டியெல்லாம் மண்.

அம்மா அடுப்படிக்கு ஓட, அத்தை என்னை அறைக்குள் இழுத்தாள்.

"போட்டோவுல இருக்கிற மாரியே போட்டு வுடுடி. அதப் பாத்துட்டுதான வந்திருக்காங்க."

எனக்குத் துளியும் தயக்கமில்லை; அதுதான் கேடு. பழுப்புப் பவுடருக்கு எங்கே போவது? கண்மையையும் குங்குமத்தையும் குழைத்தேன், பழுப்பு வந்தது. அறை இருட்டில் அழகாகத்தான் இருந்தது.

காபித் தட்டோடு அத்தை கூடத்து வெளிச்சத்துக்கு வந்தபோது, மூக்கோரத்து மை வியர்வையில் கரைந்து உதட்டுவரை இறங்கியிருந்தது. மாமா இருமினார். அப்பா தரையைப் பார்த்தார். அத்தை குனிந்த தலை நிமிராமல் உள்ளே போய்விட்டாள்.

கை கழுவ மாப்பிள்ளை பின்பக்கம் வந்தார். சொம்பை நீட்டிய என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, அத்தைய மூஞ்சி கழுவிக்கினு ஒரு தபா வரச் சொல்றியா? பெரியவங்ககிட்ட கேட்டா தப்பாப் பூடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெனக்கெட்டுப் போட்டதைக் கழுவச் சொல்ல இவர் யார்? உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"அத்த வரமாட்டேன்றாங்க."

"அவங்களே சொன்னாங்களா?"

தலையாட்டினேன். அவர் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை.

சாயங்காலம் அத்தை சோப்புப் போட்டு முகம் கழுவிக்கொண்டே கேட்டாள், "அவுரு உங்கிட்ட இன்னாடி சொன்னாரு?"

"தண்ணி கேட்டாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மை எப்போதோ போய்விட்டிருந்தது. அவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து வருஷம் கழித்து அத்தை மணலூர்பேட்டைக்கு ரெண்டாம் தாரமாகப் போனாள். என்மேல் அவளுக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. மூஞ்சி கழுவச் சொன்னவர் என் வேலையில் குற்றம் கண்டதாகவே ரொம்ப காலம் நினைத்திருந்தேன். அத்தனை மரங்களைத் தாண்டி வந்த மனுஷன், போட்டோவை விட்டுவிட்டு அவளைப் பார்க்கக் கேட்டிருக்கிறார். ஒன்பது வயதில் அது புரியவில்லை. புரிந்து இத்தனை வருஷமாகியும், அத்தையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.