‘எப்போது’ என்றால் திகதியைத் தேடு

மாத்தளை நகரத்துப் பாடசாலையொன்றில் பதினாறு வருடங்களாகத் தமிழ் படிப்பிக்கிறேன். அதில் முதல் பத்து வருடங்கள் கிரகித்தல் பாடத்தை நான் நடத்திய விதத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒரு பந்தி, கீழே ஐந்து கேள்விகள். “கேள்வியில இருக்கிற சொல்லப் பந்தியில தேடுங்க. அந்த வரிய அப்படியே எழுதுங்க. ‘யார்’னு கேட்டா பேரத் தேடுங்க, ‘எப்போது’ன்னு கேட்டா திகதியத் தேடுங்க.” இவ்வளவுதான் என் முறை. பிள்ளைகள் புள்ளிகளை அள்ளினார்கள். அதிபர் மெச்சினார். நானும் என்னைக் கெட்டிக்காரி என்றே நம்பியிருந்தேன்.

பத்தாவது வருடம் தரம் எட்டில் ஒரு மாணவி இருந்தாள். அவள் எழுந்து வாசித்தால் வகுப்பே அடங்கிவிடும். ஒரு சொல் தடக்காது. தகப்பன் இல்லை. தாய் வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுப்பவர். எழுத்து வாசனை இல்லாதவர். அந்தத் தவணையில் தாய்க்குக் கண்ணில் ஒப்பரேஷன் என்று சொல்லிவிட்டுப் போனவள் மூன்று வாரம் பாடசாலைக்கு வரவில்லை.

திரும்பி வந்த அன்று இடைவேளையில் கூப்பிட்டு விசாரித்தேன்.

“அம்மாவுக்கு அந்தக் கண்ணு போயிருச்சு டீச்சர்.”

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே வலி தொடங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டுக் கடதாசியை எடுத்து, எப்போது வரச் சொல்லியிருக்கிறது என்று பார்க்கும்படி தாய் மகளிடம் கேட்டிருக்கிறார்.

“நான் மூணு தரம் வாசிச்சேன் டீச்சர். ஒரு பிழையும் விடல்ல. நீங்க சொன்ன மாதிரி திகதியத் தேடினேன். இருந்துச்சு. அந்தத் திகதிக்குத்தான் போனோம்.”

கொப்பி உறைக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுத்துத் தந்தாள். ‘வலி அதிகரித்தாலோ பார்வை மங்கினாலோ குறித்த திகதி வரை காத்திராது உடனடியாக வருகை தரவும்.’

“காத்திராதுன்னா என்ன?”

“காத்திருக்கணும்னு, டீச்சர்.”

அவள் அழவில்லை. கிரகித்தல் கேள்விக்கு விடை சொல்லும் அதே குரலில்தான் சொன்னாள்.

அன்று பின்னேரம் ஆசிரியர் வழிகாட்டியைத் தேடி எடுத்தேன். ‘வாசித்ததை மாணவர் தம் சொந்தச் சொற்களில் கூறச் செய்க’ என்ற வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு இருந்தது. பயிற்சிக் காலத்தில் நானே போட்ட கோடு. நானும் பிழையில்லாமல் வாசித்திருக்கிறேன்.

மறுவாரம் கேள்விகள் இல்லாமல் ஒரு பந்தியைக் கொடுத்து, “இத வாசிச்சிட்டு, உங்க வீட்டில இருக்கிறவங்களுக்கு என்னான்னு சொல்லுவீங்க?” என்று கேட்டேன். நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பத்து வருட வகுப்புகளும் சேர்ந்து மௌனமாக என்னைப் பார்ப்பது போலிருந்தது. அவர்களில் எத்தனை பேர் எந்தெந்தத் துண்டை வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினார்களோ!

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள், தண்ணீர் வெட்டு அறிவித்தல், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். எனக்கே விளங்காத சொற்களை விளங்கவில்லை என்று பிள்ளைகள் முன்னால் சொல்லப் பழகினேன். அதற்குத்தான் அதிக நாள் எடுத்தது. தவணைப் பரீட்சையில் புள்ளிகள் இறங்கின. அதிபர் கூப்பிட்டுக் கேட்டார். துண்டின் கதையைச் சொன்னேன். “சரி, செய்யுங்க” என்றார்.

வருடக் கடைசியில் ஒரு நாள் அந்த மாணவி வாசிப்பை நடுவில் நிறுத்தினாள். “டீச்சர், இந்த இடம் எனக்கு விளங்கல்ல.” அவள் தடக்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அதே மாதம் பெற்றோர் கூட்டத்துக்குத் தாய் வந்தார். என்னைப் பார்ப்பதற்கு முகத்தை முழுவதுமாகத் திருப்ப வேண்டியிருந்தது. ஊசியில் நூல் கோக்க மகள்தான் உதவுகிறாளாம். இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் நீங்க படிச்சுக் குடுத்ததுதான் டீச்சர். அன்னைக்கு அந்தத் துண்டக்கூட எவ்வளவு அழகா வாசிச்சா தெரியுமா?”

நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் பின்னால் மகள் நின்றாள். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். தாயிடம் அவள் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.