நகலில் ஒரு கையெழுத்து

காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது செய்தி வந்தது. ஸ்டெல்லா அக்கா காலமாகிவிட்டார். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது, இன்னும் தீரவில்லை.

பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பிரிவில் எனக்குப் பக்கத்து மேஜை அவருக்கு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பத்து நாளுக்கு மேல் லீவு கேட்டால் ராஜினாமா எழுதி வாங்கிக்கொள்வார்கள். திரும்பி வரும்போது இடம் இருந்தால் புது ஆளாகச் சேரலாம்.

என் கணவர் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது நானும் வாயைத் திறக்காமல் எழுதிக் கொடுத்தேன். விஷயம் தெரிந்ததும் அக்கா என்னை இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனார்.

"ஏனுங்க சார், இவ லீவு வேணும்னு வந்தாளா, வேலைய உடறேன்னு வந்தாளா?"

அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். பிறகு என்னைத் திட்டினார்: "லீவு லெட்டர ரெண்டா எழுதோணும் கண்ணு. நகல்ல கையெழுத்து வாங்காம அந்த எடத்த உட்டு நகரக் கூடாது."

போன வருஷம் அவருக்கே மார்பில் கட்டி. ஈ.எஸ்.ஐ. டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். ராஜினாமா எழுதச் சொல்லிக் கம்பெனி அவரிடமும் வெள்ளைத் தாளை நீட்டியது. அக்கா மறுத்தார். லீவு லெட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, நகலில் கையெழுத்துப் போடாமல் "பார்க்கலாம்" என்றார் மேனேஜர். அனுமதி இல்லாமல் போனால் வேலையை விட்டு ஓடிப்போனதாக எழுதிவிடுவார்கள். அக்கா காத்திருந்தார். இரண்டு தேதிகள் தவறின.

சிகிச்சையில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதைச் சொன்னேன்.

"தெரியும் கண்ணு. கேஸ் நடத்தறதுக்கு உசுரு இருக்கோணுமில்ல?" என்று சிரித்தார்.

கையெழுத்து கிடைக்காமலேயே மூன்றாவது தேதியில் ஆபரேஷன் நடந்தது. அதற்குள் நோய் பரவிவிட்டது. எனக்காக அந்த அறைக்குள் போனவருக்காக நாங்கள் ஒருவர்கூடப் போகவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்தன்று காலை எங்கள் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் மேனேஜர் அறைக்குள் போனோம். எல்லாருக்குமாக ஒரே லீவு லெட்டரை இரண்டாக எழுதியிருந்தோம்.

"எல்லாரும் போயிட்டா வேலைய யார் பார்க்கறது?" என்றார் மேனேஜர்.

"நகல்ல கையெழுத்துப் போடுங்க சார்" என்றேன். போடும்வரை யாரும் நகரவில்லை.

மாலையில் அவரே பெரிய மாலையோடு சர்ச்சுக்கு வந்தார். "எங்க குடும்பத்துல ஒருத்தர இழந்துட்டோம்" என்று எல்லாரிடமும் சொன்னார். குடும்பமாம்!

பெட்டியை மூடுவதற்கு முன், ஜெபமாலை சுற்றியிருந்த அக்காவின் கைகளுக்கு அடியில் அந்த நகலை வைத்தேன்.

கையெழுத்து வாங்கியாச்சுங்க அக்கா. இனி உங்களை யாரும் காக்க வைக்க முடியாது.